பிராக்கெட்டுக்குத் தனி ரேட் உண்டா?

பி.காம். படித்தவனுக்கு பிராக்கெட் என்றாலே வயிற்றைக் கலக்கும். பேலன்ஸ் ஷீட்டில் ஒரு தொகை பிராக்கெட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் அது நஷ்டம்! அந்த பிராக்கெட்தான் இப்போது எனக்குச் சோறு போடுகிறது.

ரிடையரான கணிதப் பேராசிரியர் ஒருவர் புத்தகம் எழுதுகிறார். பக்கத்துக்கு 30 ரூபாய் வாங்கிக்கொண்டு லேட்டெக்கில் அடித்துத் தருவது அடியேன். இதற்கு மூலம் 'டெக்'. அமெரிக்காவில் டொனால்ட் கனூத் என்ற பேராசிரியர் 1977-ல் தன் புத்தகத்தின் ப்ரூஃபைப் பார்த்து நொந்துபோய், தானே எழுத ஆரம்பித்த சாஃப்ட்வேர். கணக்கு வாத்தியார்கள் எந்த ஊரிலும் கோபக்காரர்கள்தான் போல!

இதில் 'லெஃப்ட்' என்று கட்டளை கொடுத்தால், உள்ளே இருக்கிற சமாச்சாரத்தின் உயரத்துக்கு பிராக்கெட் தானே வளரும். ஆனால் லெஃப்ட் போட்டால் ரைட் போட்டே தீரவேண்டும். பற்று இருந்தால் வரவு! எக்ஸ் பாசிட்டிவ் என்றால் இது, நெகட்டிவ் என்றால் அது என்று இரண்டு வரி எழுதும்போது இடது பக்கம் மட்டும்தானே மீசை பிராக்கெட் வரும்? அங்கே ரைட்டுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத பிராக்கெட். அட, நம்ம சஸ்பென்ஸ் அக்கவுண்ட்! சும்மா இல்லை, 1.2 பாயிண்ட் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

வம்பு சிக்மாவில் வந்தது. தலையில் ஒரு 'என்', காலடியில் 'ஐ சமம் 1'. மெஷின் தொப்பி, செருப்பு சகலத்தையும் சேர்த்து அளந்து தென்னைமர உயரத்துக்கு பிராக்கெட் போட்டது. இன்னோரிடத்தில் உள்ளே ஒரு ஜோடி, வெளியே ஒரு ஜோடி, இரண்டும் ஒரே சைஸ். சார் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார்.

"தம்பி, முப்பத்தஞ்சு வருஷம் பேப்பர் திருத்தியிருக்கேன். பசங்க கணக்கு தெரியாம மார்க்கை விட்டதை விட, எந்த பிராக்கெட்டுக்கு எது ஜோடின்னு தெரியாம விட்டதுதான் ஜாஸ்தி. வெளியில இருக்கறது ஒரு சுத்து பெரிசா இருக்கணும்."

பனியன் மாதிரி நாலு சைஸில் 'பிக்' கட்டளைகள் உண்டு. ராத்திரி ஒரு மணி வரை ஒவ்வொன்றாகக் கையால் மாற்றினேன். காலையில் பார்த்தால், எனக்கே அந்தக் கணக்கு பாதி புரிகிற மாதிரி இருந்தது!

அடுத்து அம்புக்குறி. லேட்டெக்கின் நீள அம்பு, ஒரு கழித்தல் குறியும் குட்டி அம்பும் லேசாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டிக்கொண்டது. சாருக்கோ அதன் தலையில் 'முடிவிலியை நோக்கி' என்று எழுத வேண்டும். எழுதினால், குட்டி சைக்கிளில் குண்டு ஆசாமி உட்கார்ந்த மாதிரி வார்த்தை இரண்டு பக்கமும் பிதுங்கியது. அமெரிக்கக் கணிதக் கழகத்தின் தொகுப்பைச் சேர்த்ததும் வார்த்தைக்குத் தக்கபடி அம்பே நீண்டது.

"பேஷ்!" என்றார் சார்.

அடுத்த அத்தியாயம் அணிகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் ஆளுயர பிராக்கெட். அதற்கு முன்னால் ரேட்டைப் பற்றி அவரிடம் பேசிவிட வேண்டும்.