இரண்டாம் முறை கேட்கும்போது

மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடமும் இந்தியும், பள்ளியில் தமிழ். பெற்றோர் சிப்காட் கம்பெனிகளில் ஒப்பந்தக் கூலிகள். போன வருடம் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை அவள் அம்மா கூட்டிவந்தார். பிள்ளைக்குப் புத்தி மந்தம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம்.

நாங்களும் மெத்தப் படித்தவர்கள்போல அவளைச் சோதிக்கக் கிளம்பினோம். சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜேயின் பெயர் பி.எட். படித்த எல்லோருக்கும் தெரியும். அவருடைய தண்ணீர்ச் சோதனையைத்தான் செய்தோம். ஒரே மாதிரி இரண்டு டம்ளர், ஒரே அளவு தண்ணீர். "ரெண்டும் சமமா?" "சமம்" என்றாள். ஒரு டம்ளர் தண்ணீரை ஒல்லியான உயரமான பாட்டிலில் ஊற்றிவிட்டு, "இப்ப?" என்றோம். பாட்டிலைப் பார்த்தாள், எங்கள் முகத்தைப் பார்த்தாள். "பாட்டில்லதான் அதிகம்."

பியாஜே கணக்குப்படி, பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்ற அறிவு அவளுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் தண்ணி லாரி வந்தால் குடத்தோடு ஓடுகிறவள் அவள்தான். எத்தனை குடத்தில் டிரம் நிறையும் என்று அம்மாவுக்கே சொல்வாள். குடத்துத் தண்ணீரைப் பக்கெட்டில் ஊற்றி, தண்ணீர் கூடிவிட்டது என்று அவள் ஒருநாளும் மகிழ்ந்ததில்லை.

"ஏன் கண்ணு மாத்திச் சொன்ன?"

"நீங்கதாண்ணா மறுபடியும் கேட்டீங்க. தப்பா சொன்னாதானே மறுபடி கேப்பாங்க."

இதை ஏற்கெனவே ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. 1974இல் ரோஸ், பிளாங்க் என்ற இருவர், மாற்றிவைத்த பிறகு ஒரே ஒருமுறை மட்டும் கேட்டுப் பார்த்தார்கள். கூடுதலான பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள். பிள்ளை பொருளை மட்டும் பார்ப்பதில்லை, கேட்கிறவரையும் பார்க்கிறது. கேட்கிறவர் யார், தான் யார் என்பதும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. உத்தரப் பிரதேச கிராமங்களில் ஹாஃப், பாண்டே என்ற ஆய்வாளர்கள் பள்ளி மாணவர்களுக்குப் புதிர்ப்பாதைத் தாள்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2006இல் வெளியான ஆய்வு அது. சாதியைச் சொல்லாதவரை தலித் மாணவர்களும் மற்றவர்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே செய்தார்கள். பேரோடு சாதியையும் எல்லோர் முன்னும் வாசித்தபோது தலித் பிள்ளைகள் பின்தங்கினார்கள். மூளை அதே மூளைதான்.

பியாஜேயிடமும் இயங்கியல் உண்டு. பழைய அறிவோடு புதிய அனுபவம் மோத, அந்த மோதலில்தான் சிந்தனை வளர்கிறது என்றார். ஆனால் மோதல் தீர்ந்து சமநிலை வருவதையே வளர்ச்சி என்றார். கிளாஸ் ரீகல் 1973இல் இதை மறுத்தார். முரண்களைத் துடைத்துப்போடாமல் அவற்றோடு சிந்திப்பதே முதிர்ந்த அறிவு, எந்தப் படியில் இருப்பவரும் அதற்குள் நுழையலாம் என்பது அவர் வாதம். எங்கள் வகுப்பில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் தீண்டாமையைக் குற்றம் என்று சொல்லும் பக்கம் உண்டல்லவா? ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அதைக் காட்டிக் கேட்டான்: "குத்தம்னு போட்டிருக்குல்ல, அப்ப கக்கூஸ் கழுவ எங்களை மட்டும் ஏண்ணா கூப்பிடறாங்க?" புத்தகத்தில் உள்ளதும் பள்ளியில் நடப்பதும் இரண்டும் அவனுக்கு உண்மை. இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு கேட்கிறான். அந்தப் பள்ளியில் இவனுக்கு 'கவனக்குறைவு' என்று பெயர்.

முரண்பாடுதான் பிள்ளையை வளர்க்கும் என்று சொல்லி அவமானத்தையும் பாடமாக்கிவிடும் தோழர்களோடு எங்களுக்குச் சண்டை உண்டு. கழுவாமலேயே அவன் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியும்.

இந்த இடத்தில் எங்களுக்கு நெருக்கமானவர் வைகாட்ஸ்கி. ஜார் ஆட்சியில் யூதருக்கு மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மூன்று சதவீத இடம்தான். அதையும் மதிப்பெண் பார்க்காமல் குலுக்கல் போட்டுத் தந்தார்கள். 1913இல் அந்தக் குலுக்கலில் இடம் கிடைத்துப் படித்தவர் அவர். 37 வயதில் காசநோயில் இறந்தார். உயர்ந்த சிந்தனை முதலில் மனிதர்களுக்கு இடையில் நடக்கிறது, பிறகே பிள்ளையின் மனதுக்குள் போகிறது என்றார். அப்படியானால் அதட்டிக் கேட்பவர், பயந்து சொல்பவர் என்ற உறவும் உள்ளே போகும். "தப்பா சொன்னாதானே மறுபடி கேப்பாங்க" என்பது அப்படி உள்ளே போனதுதான். அதைப் பள்ளி மட்டும் போட்டதென்று சொல்லித் தப்பிக்க முடியாது. அன்றைக்குக் கேள்வி கேட்டவர்கள் நாங்கள்.

அதன்பிறகு டம்ளரையும் பாட்டிலையும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டோம். ஊற்றுவதும் கேட்பதும் அவர்கள் வேலை. போன வாரம் அந்தச் சிறுமி ஊற்றினாள். சமம் என்றோம்.

"நல்லா பாத்துச் சொல்லுங்கண்ணா" என்றாள், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

நாங்கள் ஒருமுறை பாட்டிலைத் திரும்பிப் பார்த்தோம்.