தட்டை மானிட்டருக்குள் ஒரு பெங்களூரு கண்டுபிடிப்பு

தொடக்ககால எல்.சி.டி. மானிட்டர்களைச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் கறுப்பு வெளுத்துப்போகும். முகங்களின் நிறம் திரிந்துவிடும். பின்னால் வந்தவற்றில் இந்தக் குறை வெகுவாகக் குறைந்தது. நடுவில் என்ன நடந்தது, யார் செய்தார்கள்? இந்தக் கேள்விதான் என்னை மானிட்டரின் பூர்வீகத்தைத் தேட வைத்தது.

மேசையை அடைத்துக்கொண்டு நின்ற பழைய மானிட்டரின் வேர் 1897-இல் இருக்கிறது. ஸ்ட்ராஸ்பர்க்கில் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் உருவாக்கிய கேத்தோடு கதிர்க் குழாய் அது. எலக்ட்ரான் கற்றை வளைந்து திரையெங்கும் பாய இடம் தேவை. அதனால்தான் அந்தப் பெட்டிக்கு அவ்வளவு ஆழம்.

தட்டைத் திரையின் வேரோ அதைவிடப் பழையது. 1888-இல் பிராகு நகரில் பிரெடரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் கொலஸ்டிரில் பென்சோயேட்டைச் சூடாக்கினார். 145.5 டிகிரி செல்சியஸில் உருகிக் கலங்கலாக நின்ற அது, 178.5 டிகிரியில்தான் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா? வியந்த அவர், இயற்பியலாளர் ஓட்டோ லேமனுக்கு எழுதினார். நுண்ணோக்கியில் லேமன் கண்டது, நீராக ஓடினாலும் ஒளியிடம் படிகமாக நடந்துகொள்ளும் பொருளை. அதுதான் திரவப் படிகம்.

அதிலிருந்து திரை பிறக்க எண்பது ஆண்டுகள் ஆயின. 1968-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் முதல் திரவப் படிகத் திரையை, அதாவது எல்.சி.டி.யை, அறிவித்தது. 1970-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மார்ட்டின் ஷாட்டும் வொல்ப்காங் ஹெல்ப்ரிக்கும் இரு கண்ணாடிகளுக்கு நடுவே மூலக்கூறுகளை 90 டிகிரி முறுக்கி நிறுத்தினர். முறுக்கோடு திரும்பி ஒளி வெளியேறும். மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் நிமிரும், ஒளி தடைபடும். அறை வெப்பநிலையில் நிலைத்து நிற்கும் சேர்மங்களை இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே குழு 1970களின் தொடக்கத்தில் தந்தது. கைக்கடிகாரத்துக்கும் கால்குலேட்டருக்கும் வந்த திரை, பின்னர் மானிட்டராக வளர்ந்தது.

தொடக்கத்தில் சொன்ன குறைக்கான காரணம் மூலக்கூறுகளின் அந்த நிமிர்தலில்தான் இருந்தது. மூலக்கூறுகள் நிமிர்ந்தால் நேராக வரும் ஒளி சரியாகத் தடைபடும். சாய்வாகப் போகும் ஒளியோ அவற்றால் மாறுபட்டுக் கசிந்துவிடும். கறுப்பு வெளுப்பது அதனால்தான்.

இந்தக் குறையைத் தீர்க்கும் மருந்துக்கான மூலம் பெங்களூரில் கிடைத்தது. அதுவரை அறியப்பட்ட திரவப் படிகங்கள் கோல் வடிவ மூலக்கூறுகளால் ஆனவை. வட்டத்தட்டு வடிவ மூலக்கூறுகளும் நாணயங்களை அடுக்கியதுபோல் நின்று திரவப் படிகமாகும் என்று 1977-இல் ராமன் ஆய்வு நிறுவனத்தின் எஸ். சந்திரசேகர், பி.கே. சதாசிவா, கே.ஏ. சுரேஷ் ஆகியோர் கண்டறிந்தனர். இந்தச் சந்திரசேகர், சி.வி. ராமனின் சகோதரி மகன். 1990களில் ஜப்பானின் பியூஜி நிறுவனம் தட்டு மூலக்கூறுகளைப் பூசிய மெல்லிய பிலிமை உருவாக்கியது. நிமிர்ந்த கோல்கள் சாய்வான ஒளியில் செய்யும் மாற்றத்தைத் தட்டுகள் எதிர்த்திசையில் ஈடுகட்டின. ஐ.பி.எஸ். பேனல் போன்ற வேறு தீர்வுகளும் வந்தன. ஆனால் விலை மலிந்த சாதாரண பேனலை மாற்றாமலே அதன் பார்வைக் கோணத்தை விரித்தது இந்தப் பிலிம்தான்.

ரைனிட்சரும் சந்திரசேகரும் திரைக்காக உழைத்தவர்கள் அல்லர். பொருள் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று கேட்டவர்கள். அப்படிப்பட்ட கேள்விகளுக்கு எண்பது ஆண்டுகள்கூடக் காத்திருக்கும் பொறுமை ஒரு சமூகத்துக்கு வேண்டும். மானிட்டரின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பிராகு, பாசல், ஹல் ஆகியவற்றோடு பெங்களூரையும் சேர்த்தே சொல்லுவோம்.