செருப்பை எடுக்காத ராத்திரி

பூச்சி என்றால் எனக்கு ஆகாது. லெஸ்டரில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்த விஷயத்தில் அம்மா சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: "செருப்பை எடு!" அதையேதான் என் எட்டு வயசுப் பையனுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன், போன ஆகஸ்ட் வரைக்கும்.

விடுமுறைக்கு தெட்ஃபோர்டு பக்கம் போயிருந்தோம். நார்ஃபோக்கும் சஃபோக்கும் சேரும் அந்தப் பகுதியை பிரெக்லாண்ட் என்பார்கள். மணல் பூமி. பிரிட்டனிலேயே மழை குறைவான இடங்களில் ஒன்று. அங்கே டார்ச் வெளிச்சத்தில் ராத்திரி பூச்சி பார்க்கக் கூட்டிப்போகிறார்கள். பையன் கெஞ்சினான். ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு நானும் போனேன்.

கூட்டிப்போன பெண்மணி, உழுது போட்ட மணலில் முளைத்திருந்த ஒரு களைச்செடிக்கு அடியில் குனிந்தார். கறுப்பு வண்டு, ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. என் கால் தானாக எழும்பியது. "அம்மா, நோ!" என்று பையன் கையைப் பிடித்து இழுத்தான்.

பூதக்கண்ணாடியில் அதன் காலைப் பார்த்த பிறகுதான் அவர் பேரே சொன்னார்: 'பிரஷ்-தைட் சீட்-ஈட்டர்'. தொடையில் பிரஷ் மாதிரி முடி! பையனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தரை வண்டுகளில் நிறைய, மற்ற பூச்சிகளை வேட்டையாடுபவை. இது விதை தின்னி. அந்தக் களைச்செடியின் விதை இதற்கு முக்கியமான சாப்பாடு. மண்ணைக் கிளறிவிட்டால்தான் அந்தச் செடி வரும். சும்மா விட்டால் புல் மூடிவிடும், வண்டுக்கும் பிழைப்பு போச்சு. பிரிட்டனில் இந்த வண்டு இருப்பதே பெரும்பாலும் இந்தப் பக்கம்தான். இது மாதிரி உயிர்களுக்காகவே அங்கங்கே நிலத்தை உழுது வைக்கிறார்களாம். களை வளர்க்க உழவு! எங்க தாத்தா கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

மறுநாள் அந்தச் செடியின் போட்டோவை அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே வீடியோ காலில் வந்துவிட்டார். "அடியே, இது சக்கரவர்த்திக் கீரைடி! பருப்பு போட்டுக் கடையலாம். பறிச்சியா?"

பையன் போனைப் பிடுங்கினான். ஒரு கல்யாணத்தில் யாரோ அவன் தமிழைக் கேட்டுச் சிரித்ததிலிருந்து, பாட்டியிடம் "ஹலோ பாட்டி, பை பாட்டி"யோடு முடித்துக்கொள்பவன் அவன்.

"நோ பாட்டி! பறிக்கக் கூடாது. வண்டு அது... அது சீட் சாப்பிடும்."

"விதையா?"

"ஆமா, விதை. வண்டு விதை சாப்பிடும். தொடை... தொடையில முடி இருக்கு!"

அம்மா சிரிக்கவில்லை. "அப்படியா கண்ணு? எத்தனை கால் அதுக்கு?" என்று கேட்டார்.

அவன் தமிழில் எண்ண ஆரம்பித்தான்.