மூட்டைக்கு என்ன கூலி?

விருதுநகர்க்காரர்களுக்குத் தராசைக் கண்டு பயம் கிடையாது. மிளகாய் வத்தலோ, மல்லியோ, பருப்போ, எண்ணெயோ, இன்றைக்கு என்ன விலை என்று பத்திரிகையில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவர'த்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது வியாபாரிகளின் பழைய வழக்கம். முதலில் விலையைச் சொல், பிறகு தராசில் வை. இதுதான் எங்கள் கடைத்தெருவின் தர்மம்.

பக்கத்திலுள்ள சிவகாசியும் இந்த விஷயத்தில் சளைத்ததல்ல. 2007-ல் 50 காசாக இருந்த தீப்பெட்டி 1 ரூபாய் ஆயிற்று. அதன் பிறகு 14 வருஷம் கழித்துத்தான் அதை 2 ரூபாய் ஆக்க வேண்டி வந்தது. அதற்கும் உற்பத்தியாளர் சங்கங்கள் 2021 அக்டோபரில் சிவகாசியில் கூடிப் பேசி, "டிசம்பர் 1-ம் தேதியிலிருந்து" என்று ஊரறியச் சொல்லிவிட்டுத்தான் ஏற்றின. ஒரே ஒரு ரூபாய்க்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்னறிவிப்பு!

இப்படிப்பட்ட சீமையில் பிறந்தவர்கள் ஆகாய விமானத்தில் ஏறப் போனால் என்ன ஆகிறது என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

அடுத்த வீட்டு மதினிக்கு பம்பாயில், அதாவது இன்றைய மும்பையில், ஒரு பெண். தலைப்பிரசவமாகி இருபது நாள். மாப்பிள்ளை அங்கிருந்தபடியே டெலிபோனில் டிக்கெட் எடுத்துவிட்டார். அதே விமானத்தில் நானும் ஒரு காரியமாகப் போக வேண்டியிருந்ததால் மதினிக்குத் துணையானேன். பெட்டியில் சாத்தூர்க் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, பிள்ளை பெற்றவளுக்கு லேகியம், வத்தல், மல்லி, சிவகாசியில் அச்சான தினசரிக் காலண்டர் எல்லாம் இருந்தன.

மதுரை விமான நிலையத்தில் பெட்டி தராசில் ஏறியது. முள் இல்லாத தராசு. சிவப்பு எழுத்தில் 19 என்று காட்டிற்று.

"அம்மா, 15 கிலோதான் இலவசம். 4 கிலோ கூட இருக்கு. பணம் கட்டணும், இல்லேன்னா சாமானை எடுத்துடணும்" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். மரியாதையாகத்தான் சொன்னாள்.

"இதை டிக்கெட் எடுக்கையிலேயே சொல்லப்படாதா தாயி?"

"டிக்கெட்டிலேயே போட்டிருக்கே அம்மா!"

போட்டிருந்தது வாஸ்தவம். ஆனால் அந்த டிக்கெட் மாப்பிள்ளையின் டெலிபோனில் அல்லவா இருந்தது! மதினியின் கையில் இருந்தது ஆறெழுத்து கொண்ட ஒரு நம்பர் மாத்திரம். கைப்பைக்கு 7 கிலோ கணக்கு. அது ஏற்கெனவே நிரம்பிவிட்டது. என் பெட்டியும் 15 கிலோவைத் தொட்டுக்கொண்டிருந்தது. வழியனுப்ப வந்த பையன் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். கவுண்டர் மூடப் பதினைந்து நிமிஷம். பேரப்பிள்ளையின் கையில் வைக்க வேண்டுமென்று முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்திலிருந்து 2,000 ரூபாய்க்கு மேல் எண்ணிக் கொடுத்தார் மதினி. காராச்சேவின் விலையைக் காட்டிலும் அதன் பிரயாணச் செலவு ஜாஸ்தியாகிவிட்டது.

கம்பெனிக்காரர்களைத் திட்ட எனக்கு உத்தேசமில்லை. ரயிலில் இரண்டாம் வகுப்புப் படுக்கைக்கு 40 கிலோ வரை இலவசம் என்றால், அது தண்டவாளத்தின் மேல் ஓடுகிற வண்டி. ஆகாயத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் எண்ணெய் எரிகிறது. கைப்பையோடு போகிறவர் பெட்டிக்காரருடைய கூலியையும் சேர்த்துக் கொடுப்பானேன்? அமெரிக்காவில் ஒரு பெரிய கம்பெனி 2008-ல் முதல் பெட்டிக்கே 15 டாலர் என்று ஆரம்பித்தது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். கூலி வாங்குவது நியாயம். அதை எப்போது, யாரிடம் சொல்லுகிறார்கள் என்பதில்தான் வழக்கு.

நம் சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 15 கிலோவுக்கு மேல் 20 கிலோ வரை, கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2016-ல் உத்தரவு போட்டது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. கட்டணத்தை நிர்ணயிக்க இயக்குநரகத்துக்கு அதிகாரமில்லை என்று 2017 ஆகஸ்டில் டில்லி ஹைகோர்ட் அந்த உத்தரவை ரத்துச் செய்தது. பிறகு 2021 பிப்ரவரியில், பெட்டி கொண்டு வராதவருக்கு மலிவு டிக்கெட் விற்கலாம் என்று இயக்குநரகம் அனுமதித்தது. அப்படி வாங்கியவர் பெட்டியோடு வந்து நின்றால் என்ன கட்டணம் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே நன்றாகத் தெரியும்படி காட்ட வேண்டும், டிக்கெட்டிலும் அச்சிட வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தது. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடுத்த 13 தந்திரங்களில், முதலில் ஒரு விலையைக் காட்டிப் பிறகு சொட்டுச் சொட்டாக ஏற்றுவதும் ஒன்று.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அது சொல்லச் சொல்வது டிக்கெட் எடுப்பவரிடம். நம் வீடுகளில் டிக்கெட் எடுப்பது பிள்ளை அல்லது மாப்பிள்ளை. மூட்டை கட்டுவது தாயார். ஒருவரிடம் சொல்லிவிட்டு இன்னொருவரிடம் வசூல் பண்ணுவது அறிவிப்பாகுமா? 'வேண்டாம்' என்று சொல்லித் திரும்பிப் போக வழியிருக்கும்போது சொன்னால்தான் அது விலை சொல்வது.

சொல்லத் தெரியாதவர்களா இவர்கள்? சிவகாசிப் பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பட்டாசு மாத்திரம் எவ்வளவு பணம் கட்டினாலும் விமானத்தில் ஏறாது என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். காரணம், கவுண்டருக்குக் கவுண்டர் படம் போட்டு வைத்திருக்கிறார்கள். அதே போல ஒரு தராசு, 15 கிலோ, அதற்கு மேல் கிலோவுக்கு இன்ன ரூபாய் என்று தமிழில் ஒரு வரி எழுதி, பிரயாணத்துக்கு இரண்டு நாள் முன்பாகப் பிரயாணியின் டெலிபோனுக்கே அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

அது வருகிற வரையில் நாம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நம்பரை மட்டும் வாங்கிக்கொள்ளாமல் முழு டிக்கெட்டையும் கேட்டு வாங்குங்கள். எத்தனை கிலோ என்ற வரியைப் படியுங்கள். டிக்கெட்டுக்கு டிக்கெட் அது மாறும். பெட்டியை வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள்; தெருக்கோடி அண்ணாச்சி கடைத் தராசு இருக்கவே இருக்கிறது. அதிகமாக இருந்தால் முன்கூட்டியே பணம் கட்டிவிடுங்கள். பெரும்பாலும் அது கவுண்டரில் கட்டுவதைவிடக் குறைவு.

சந்தேகம் இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். விலை கேட்பது விருதுநகர்க் கடைத்தெருவில் குற்றமல்ல. விமானக் கம்பெனியிடம் மாத்திரம் அது எப்படிக் குற்றமாகும்?