பயம் காத்த மண்கோட்டைகள்

என்னைப் போலப் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு லாலி என்ற பெயர் மறந்திருக்காது. 1761-இல் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்க நேர்ந்த தளபதி. அவருடைய தகப்பனார் அயர்லாந்தில் கால்வே பகுதியைச் சேர்ந்தவர். அந்தத் தொடர்பால் அயர்லாந்தைப் பற்றி எது கிடைத்தாலும் படிப்பேன். அப்படித் தெரிந்துகொண்டதுதான் அங்குள்ள வட்டக் கோட்டைகளின் கதை.

கோட்டை என்றதும் செஞ்சியை நினைக்க வேண்டாம். வயலுக்கு நடுவே வட்டமாக ஒரு மண்கரை, அதைச் சுற்றி ஒரு பள்ளம், அவ்வளவுதான். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வருஷங்களுக்கு முன் குடியானவர்கள் வீட்டையும் மாட்டையும் காக்கப் போட்டவை. நாடு முழுக்க 40,000-க்கும் மேல் உண்டு. வீடுகள் மறைந்தபின், அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் குடியிருப்பதாக ஜனங்கள் நம்பினார்கள். பெயர் சொல்லவும் பயந்து, 'நல்லவர்கள்' என்றார்கள். விஷப் பாம்பை நாம் 'நல்ல பாம்பு' என்கிறோமே, அதுபோல! கரையை வெட்டினால் மாடு சாகும், அங்குள்ள முள்மரத்தை வெட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். ஏர் அந்த வட்டத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகும்.

நில ஆவணங்களோடு காலம் தள்ளியவன் நான். புறம்போக்கு எப்படிக் கரையும், வரப்பு எப்படி நகரும் என்று பார்த்திருக்கிறேன். வேலியும் காவலும் இல்லாமல் ஒரு மண்கரை ஆயிரம் வருஷம் நின்றதென்றால், பயம் சர்க்காரை விடக் கெட்டிக்காரக் காவல்காரன்தான். பழஞ்சின்னங்களுக்கான தேசியச் சட்டம் 1930-இல் வந்தது. சட்டம் இருந்தும், பயம் குறைந்து புல்டோசர் வந்தபின் எத்தனையோ கரைகள் தரைமட்டமாகிவிட்டன.

ஆனாலும் பயத்தைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. 1895-இல் டிப்பரரி பகுதியில் பிரிட்ஜெட் கிளியரி என்ற 26 வயதுப் பெண் நோயில் படுத்தாள். 'நல்லவர்கள்' நிஜ மனைவியைக் கொண்டுபோய், அவள் உருவில் வேறொன்றை விட்டுவிட்டதாக நம்பிய புருஷன், அவளை எரித்தே விட்டான். பிறகு, நிஜ மனைவி வெள்ளைக் குதிரையில் வெளியே வருவாள் என்று பக்கத்துக் கோட்டையருகே இரவில் காத்திருந்தான். அவனுக்கு 20 வருஷத் தண்டனை விதித்தார்கள்.

மண்ணைக் காத்த அதே பயம்தான் அந்தப் பெண்ணைக் கொன்றது. பழசின் மேல் பயம் வேண்டாம், மரியாதை இருந்தால் போதும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் பேரப்பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது, பேய்க்கதை சொல்வதைப் போல அத்தனை சுலபமில்லை.