அடுத்த பாவாடை

பழைய துணிகளைத் தானம் செய்வதில் நம்மவர்களுக்கு இருக்கும் உற்சாகம் வேறு எந்தத் தானத்திலும் கிடையாது. அன்னதானம் என்றால் அரிசி விலையை யோசிக்கிறோம். வித்தியாதானம் என்றால் ஆண்டு முடிவுக் கணக்கைப் பார்க்கிறோம். பழைய துணி என்றால் மட்டும் கை தானாகவே பீரோவைத் திறந்துவிடுகிறது. இப்படிச் சொல்வது பிறரைப் பரிகாசம் செய்வதற்காக அல்ல. நம்முடைய சொந்த அநுபவத்தைத்தான் சொல்லுகிறோம்.

2001-ஆம் வருஷம் குடியரசு தினத்தன்று காலையில் குஜராத்தில் பெரும் பூகம்பம் ஏற்பட்டது. கச்சுப் பிரதேசத்தில் ஊர் ஊராக வீடுகள் இடிந்து விழுந்தன. அஞ்சார் என்னும் ஊரில், குடியரசு தின ஊர்வலம் சென்றுகொண்டிருந்த பள்ளிக் குழந்தைகள் மீது இரு பக்கத்து வீடுகளும் சரிந்து விழுந்தன என்ற செய்தியைப் படித்தபோது நம் தெருவில் அன்று யாருக்கும் சாதம் இறங்கவில்லை. மறுநாளே நிவாரணக் கமிட்டி ஒன்று ஏற்பட்டது. நாமும் அதில் ஓர் அங்கத்தினர். பொத்தான் இல்லாத சட்டைகள் இரண்டையும், தரை துடைப்பதற்கென்று நம் இல்லத்தரசி ஒதுக்கி வைத்திருந்த வேஷ்டி ஒன்றையும் நாம் தேசத்துக்கு அர்ப்பணம் செய்தோம்.

நம் தங்கையின் பெண்ணுக்கு அப்போது ஆறு வயது. அவள் உள்ளே ஓடிப்போய், தீபாவளிக்குத் தைத்த சிவப்புச் சீட்டிப் பாவாடையை எடுத்து வந்தாள். அவள் தாயார், "அது புதிசடி! பழையதாய்ப் பார்த்துக் கொடு" என்றாள். குழந்தை கேட்கவில்லை. "மாமா, அந்த ஊரிலே என் உயரத்துக்கு ஒரு பெண் இருப்பாள் இல்லையா?" என்று நம்மைக் கேட்டாள். இருப்பாள் என்றோம். பாவாடை மூட்டையில் ஏறிற்று. மூட்டை லாரியில் ஏறிற்று. நம் மனமும் லேசாயிற்று, பீரோவும் லேசாயிற்று.

அடுத்த தீபாவளி வந்தது. பழைய பாவாடைகளை அவளுக்குக் கட்டிப் பார்த்தபோது ஒன்றாவது கணுக்கால் வரையில் எட்டவில்லை. எல்லோரும் சிரித்தோம். குழந்தை மட்டும் சிரிக்கவில்லை.

"மாமா, அந்தப் பெண்ணுக்கும் இப்போது சின்னதாய்ப் போயிருக்குமே! அவளுக்கு அடுத்த பாவாடை யார் கொடுப்பார்கள்?"

"சர்க்கார் கொடுக்கும், அம்மா."

"சர்க்காருக்கு அவள் உயரம் தெரியுமா?"

நாம் அவசரமாகக் காப்பி குடிக்க உள்ளே போய்விட்டோம். நம் தெருக் கமிட்டி கலைந்து பல மாதமாகியிருந்தது. பத்திரிகைகளில் பூகம்பச் செய்தியும் அநேகமாக நின்றுபோயிருந்தது. ஆனால் குழந்தைகள் வளர்வது மட்டும் நிற்கவில்லை என்ற எளிய உண்மை அன்று வரையில் நமக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் கேள்விக்கு விடை பல வருஷங்கள் கழித்து, எதிர்பாராத விதமாக, ஜப்பான் தேசத்தில் கிடைத்தது. நம் தம்பியின் மகன் கோபே நகரில் உத்தியோகத்தில் இருக்கிறான். ஒரு ஜனவரி மாதத்தில் அவனிடம் போயிருந்தோம். கோபே நம் தேசத்தாருக்குப் புதிய ஊர் அல்ல. 1923-ஆம் வருஷத்துப் பெரும் பூகம்பம் யோக்கஹாமா நகரை அழித்தபோது அங்கே வியாபாரம் செய்து வந்த இந்தியர்களில் பலர் கோபேக்குக் குடிபெயர்ந்து அங்கேயே நிலைத்தார்கள். அப்படிப் பூகம்பத்தால் வீடிழந்தவர்களுக்குப் புகலிடம் கொடுத்த ஊரையே 1995-ஆம் வருஷம் பூகம்பம் தேடி வந்தது.

ஜனவரி 17-ஆம் தேதி, விடியற்காலை 5 மணி 46 நிமிஷம். பெரும்பாலோர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பூமி அதிர்ந்தது சுமார் 20 விநாடிதான். அதற்குள் லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இடிந்தன. கனமான ஓடுகள் வேய்ந்த பழைய மர வீடுகள் அப்படியே குடைசாய்ந்து, படுத்திருந்தவர்களை அமுக்கிவிட்டன. பிறகு தீயும் பிடித்தது. மாண்டவர்கள் 6,434 பேர்.

ஒவ்வொரு வருஷமும் அதே தேதியில், அதே விடியற்காலையில், நகரின் நடுவிலுள்ள ஒரு பூங்காவில் ஜனங்கள் கூடுகிறார்கள். வெட்டிய மூங்கில் குழாய்களில் நீர் ஊற்றி மெழுகுவத்தி மிதக்கவிட்டு ஏற்றி வைக்கிறார்கள். 5 மணி 46 நிமிஷம் ஆனதும் எல்லோரும் தலை குனிந்து மௌனமாக நிற்கிறார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு நாமும் நின்றோம். நம் பக்கத்தில் நின்றவர் தம்பி மகனின் சிநேகிதர். நடுத்தர வயதுள்ள ஜப்பானியர். மாணவராக இருந்த காலத்தில் உண்டிப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நின்றவராம். "யாருக்காக?" என்று கேட்டோம். அவர் சொன்ன விருத்தாந்தந்தான் இது.

ஜப்பானில் 'அஷினாகா' என்று ஒரு தரும ஸ்தாபனம் இருக்கிறது. அந்த வார்த்தைக்கு 'நெடுங்கால்' என்று பொருள். ஜீன் வெப்ஸ்டர் என்ற அமெரிக்க மாது 1912-ல் எழுதிய ஒரு நாவலில், அநாதைப் பெண் ஒருத்தியை முகம் தெரியாத கனவான் ஒருவர் படிக்க வைக்கிறார். அவருடைய நீண்ட கால்களின் நிழலை மட்டும் அவள் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். அந்த முகந்தெரியாத உபகாரியின் பெயரையே இந்த ஸ்தாபனம் சூடிக்கொண்டது. இதை உருவாக்கிய யோஷியோமி தமாயி என்பவர், மோட்டார் வண்டியில் அடிபட்டுத் தம் தாயாரை இழந்தவர். சாலை விபத்துக்களில் பெற்றோரைப் பறிகொடுத்த குழந்தைகளைப் படிக்க வைப்பதற்காக 1960-களில் தொடங்கிய முயற்சி, வேறு விபத்திலும் நோயிலும் பெற்றோரை இழந்தவர்களுக்கும் நாளடைவில் விரிந்தது. வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் மாணவர்கள் ரயில் நிலையங்களின் முன்னால் நின்று நிதி திரட்டுகிறார்கள். வெகு காலம் வரையில் உபகாரச் சம்பளத்தை வட்டியில்லாக் கடனாகவே கொடுத்து வந்தார்கள். அண்ணன் படித்து வேலைக்குப் போய்த் திருப்பிக் கொடுத்த பணத்தில் முகம் தெரியாத தம்பி படித்தான். திருப்பித்தர வேண்டாத உதவியும் பிற்காலத்தில் சேர்ந்தது.

கோபேயில் பூகம்பம் நிகழ்ந்ததும் இவர்கள் செய்த முதற் காரியம் நம்மைத் தலை குனிய வைத்தது. இவர்கள் நிதி திரட்டுவதோடு நிற்கவில்லை. குழந்தைகளைத் தேடிப் புறப்பட்டார்கள். மாண்டவர்களின் பெயர்கள் பத்திரிகைகளில் வரிசை வரிசையாக வெளிவந்துகொண்டிருந்தன. அந்த ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு, வயதைப் பார்த்து, 'இவருக்குக் குழந்தை குட்டி இருக்குமா?' என்று விசாரிக்கப் போனார்கள். போன இடத்தில் வீடு இல்லை. அக்கம்பக்கத்தார் எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள், உறவினர் எந்த ஊருக்குப் போனார்கள் என்று மாணவர்கள் கால் கடுக்க நடந்து கேட்டார்கள். கடைசியில், தாயையோ தந்தையையோ இருவரையுமோ இழந்த 573 குழந்தைகளைக் கண்டுபிடித்தார்கள். நம் மருமாள் கேட்டாளே, "உயரம் தெரியுமா?" என்று! இவர்கள் உயரத்தைத் தெரிந்துகொள்ளத்தான் முதலில் போயிருக்கிறார்கள்.

அந்த வருஷம் கோடையில் இந்தக் குழந்தைகளுக்காக ஒரு முகாம் நடத்தினார்கள். அங்கே பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ஒரு சித்திரம் எழுதினான். அது வானவில். ஆனால் அந்த வானவில்லை அவன் கறுப்பாகத் தீட்டியிருந்தான்.

முகாமில் ஓடி விளையாடிய பையன்தான் அவன். சோறும் துணியும் புஸ்தகமும் கிடைத்துவிட்டால் குழந்தை தேறிவிடும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு அந்த ஒரு சித்திரம் வேறு விஷயத்தைச் சொல்லிற்று. வீடு இழந்தவனுக்கு வீடு கொடுக்கலாம். ஏழு நிறத்தையும் இழந்தவனுக்கு என்ன கொடுப்பது?

அவர்கள் யோசித்து, பல தேசத்தாரிடமும் நன்கொடை பெற்று, ஒரு வீடு கட்டினார்கள். அது 1999 ஜனவரியில் திறக்கப்பட்டது. பூகம்பம் நிகழ்ந்து நான்கு வருஷமாகிவிட்டதைக் கவனிக்க வேண்டும். நம் ஊர்க் கமிட்டியாக இருந்தால் அதற்குள் கணக்கையும் முடித்து, மிச்சப் பணத்தில் ஒரு தேநீர் விருந்தும் நடத்தியிருப்போம்! கறுப்பு வானவில் மறுபடியும் நிறம் பெறவேண்டும் என்ற ஆசையால் அதற்கு 'வானவில் வீடு' என்று பெயர் வைத்தார்கள்.

மறுநாள் அந்த வீட்டை வெளியில் நின்றே பார்த்தோம். துக்கப்படும் குழந்தைகள் வந்து போகும் இடம், வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குரியது அல்ல என்று சிநேகிதர் சொன்னது நமக்கு மிகவும் பிடித்தது. உள்ளே உள்ளதை அவர் விவரித்தார். பேசுவதற்கு ஓர் அறை. ஓடியாட ஓர் இடம். இவற்றைத் தவிர 'எரிமலை அறை' என்று ஒன்று. அதன் சுவர்களில் மெத்தை தைத்திருக்கிறது. குத்துவதற்கு மூட்டை தொங்குகிறது. "அப்பா ஏன் செத்துப்போனார்?" என்று குழந்தைக்கு வரும் கோபத்தை அங்கே குத்தியும், உதைத்தும், கத்தியும் தீர்த்துக்கொள்ளலாம். 'கத்தாதே' என்று சொல்ல யாரும் இல்லை. பக்கத்தில் ஒரு துணைவர் இருப்பார். அவர் உபதேசம் செய்யமாட்டார். குழந்தை பேசினால் கேட்பார். பேசாவிட்டால் சும்மா இருப்பார். அமெரிக்காவில் போர்ட்லந்து நகரில் 1982-ல் தோன்றிய டகீ நிலையத்தில் இந்த முறையைக் கற்றுக்கொண்டு வந்தார்களாம்.

இதைக் கேட்டதும் நமக்கு நெஞ்சில் சுருக்கென்றது. நம் தெருவில் பல வருஷங்களுக்கு முன்பு ஒரு வீட்டுக்காரர் திடீரென்று காலமானார். அவருக்கு ஒன்பது வயதில் ஒரு பையன். துக்கம் விசாரிக்கப் போன நாம் அவன் தோளைத் தட்டி, "நீதானப்பா இனிமேல் இந்த வீட்டுக்கு ஆண்பிள்ளை. நீயே அழுதால் அம்மாவை யார் தேற்றுவது?" என்று சொன்னோம். பையன் சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டான். "என்ன விவேகம் பார்த்தீர்களா!" என்று அங்கிருந்தவர்களிடம் மெச்சிவிட்டு வீடு திரும்பினோம். நாம் செய்தது ஆறுதல் அல்ல; ஒன்பது வயதுக் குழந்தையின் தலையில் ஒரு குடும்பத்தை ஏற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறோம். அவன் அப்புறம் எப்போது, எங்கே போய் அழுதான் என்று நாம் ஒரு நாளும் கேட்டதில்லை. நம் ஊரிலே அவனுக்கு எரிமலை அறை ஏது?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1995 ஜனவரியில் கைக்குழந்தையாய் இருந்தவன் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரி வாசலை மிதிப்பதற்கு 2013 ஆகிவிடும். அதாவது, 20 விநாடி பூகம்பத்துக்குப் பதினெட்டு வருஷ வைத்தியம். இடிந்த பாலத்தைக் கட்டி முடித்ததும் திறப்பு விழா நடத்திவிடலாம். குழந்தைக்குத் திறப்பு விழா என்று ஒரு நாள் கிடையாது.

அந்தப் பதினெட்டு வருஷமும் முடிவதற்குள் 2011 மார்ச் 11-ஆம் தேதி ஜப்பானின் வடகிழக்குக் கரையைப் பூகம்பமும் ஆழிப்பேரலையும் தாக்கின. இந்தத் தடவை அஷினாகா ஸ்தாபனத்துக்கு வழி தெரிந்திருந்தது. பெற்றோரை இழந்த 2,000-க்கு மேற்பட்ட குழந்தைகளுக்குத் தலைக்கு 20 லட்சம் யென் வீதம், திருப்பித்தர வேண்டாத தொகையாகக் கொடுத்தார்கள். பணம் கொடுத்ததோடு காரியம் முடிந்தது என்று இருக்கவில்லை. செண்டாய், இஷினொமாக்கி, ரிக்குஸென்தகத்தா என்ற மூன்று ஊர்களிலும் 2014-ல் வானவில் வீடுகள் எழுந்தன. கோபேயில் அன்று குழந்தைகளாக இருந்தவர்களில் சிலர் இப்போது பெரியவர்களாகி, வடகிழக்குக் குழந்தைகளுக்குத் துணையாகப் போனார்கள் என்று சிநேகிதர் சொன்னார். 'உன் துக்கம் எனக்குத் தெரியும்' என்று உலகத்தில் எல்லோரும் சொல்கிறோம். அதைச் சொல்ல உரிமை உள்ளவர்கள் அவர்கள்.

ஊர் திரும்பியதும் இந்த விருத்தாந்தத்தை நம் மருமாளிடம் சொன்னோம். அவள் இப்போது உத்தியோகம் பார்க்கிறாள். பாவாடை விஷயம் அவளுக்கு மறந்தே போயிருந்தது. நாம் நினைவூட்டியதும் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால், மாமா, நாம் மூட்டை கட்ட வேண்டாம், அளவு எடுப்போம்" என்றாள்.

நம் ஜில்லாவிலேயே பெற்றோரில்லாக் குழந்தைகளை வளர்க்கும் இல்லம் ஒன்று இருக்கிறது. அங்கே போய்ப் பேசி, ஒரு பெண் குழந்தையின் படிப்பையும் உடையையும் அவள் படித்து முடிக்கும் வரையில் நம் குடும்பம் ஏற்றுக்கொள்வதென்று தீர்மானம் செய்தோம். குழந்தைக்கு நம் பெயர் தெரியவேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இது பெரிய தருமம் என்று எண்ணிச் சொல்லவில்லை. மாதாமாதம் நாம் வெற்றிலைபாக்குக்கும் பத்திரிகைக்கும் செலவிடுவதைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். பெரிய விபத்து நேரும்போது நேயர்களும் வாரிக் கொடுக்கிறீர்கள். நிச்சயம் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தச் சமயத்தில் கொடுக்க நினைப்பதில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, மூன்றாவது வருஷத்திலும் ஏழாவது வருஷத்திலும் கொடுத்துப் பாருங்கள். அப்போது வாங்கிக்கொள்ளக் குழந்தை இருக்கும். கொடுக்கத்தான் ஆள் இருக்கமாட்டார்கள்.

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு அந்த இல்லத்திலிருந்து ஒரு துண்டுக் காகிதம் வரும். அதில் பாவாடையின் நீளம் எழுதியிருக்கும். சென்ற வருஷத்துக்கு இந்த வருஷம் இரண்டு அங்குலம் கூடியிருந்தது.