இளநீரும் மலைச் சரிவும்

அரசியலில் 'பழமைவாதி' என்னும் பட்டத்தை விரும்பி ஏற்பவர் குறைவு. ராஜாஜியோ அதைப் பற்றிச் சற்றும் கவலைப்பட்டவரல்லர். 1959-ஆம் வருஷம் ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ், கூட்டுறவுப் பண்ணை விவசாயத்தை ஆதரித்துத் தீர்மானம் செய்தது. அதே வருஷத்தில், எண்பது வயதைத் தாண்டிய அந்தப் பெரியவர் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். சர்க்கார் நடந்த வழிக்கு அவர் சூட்டிய 'பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' என்ற நாமகரணம் கட்சியைவிட நீண்ட ஆயுள் பெற்றுவிட்டது. 1967 தேர்தலில் லோக் சபையில் 44 ஸ்தானங்கள் பெற்ற கட்சி, 1974-ல் வேறொரு கட்சியில் கலந்து மறைந்தது.

அவருடைய கொள்கையைப் பலர் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். 'வியாபாரி இஷ்டப்படி எதையும் விற்கட்டும்' என்பது அவர் கட்சியன்று. 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுக்கடைகளை மூடியவர் அவரே. போன வருமானத்துக்கு ஈடு செய்ய 1939-ல் விற்பனை வரியைக் கொண்டுவந்தவரும் அவரே. இதற்கும் 1952-ல் அவர் செய்த காரியத்துக்கும் முரண் உண்டா? அப்போது ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்கு ஒரு மூட்டை அரிசி கொண்டுபோகப் பர்மிட் வேண்டும். முதன்மந்திரியான சில வாரங்களுக்குள், ஜூன் மாதத்தில், உணவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். பஞ்சம் வந்துவிடும் என்று பயந்தவர் பலர்; பஞ்சம் வரவில்லை. மறைந்து கிடந்த அரிசி கடைத்தெருவுக்கு வந்தது.

முரண் இல்லை என்பதே என் அபிப்பிராயம். மதுக்கடை மூடல் எல்லாருக்கும் ஒரே மாதிரியான விதி. அரிசிப் பர்மிட்டோ ஓர் உத்தியோகஸ்தர் விரும்பியவருக்குக் கொடுத்து, விரும்பாதவருக்கு மறுக்கக்கூடிய சலுகை. விதிக்குக் கீழ்ப்படிகிறவன் பிரஜை. சலுகைக்குக் காத்து நிற்கிறவன் யாசகன்.

இந்த வித்தியாசத்தைப் புஸ்தகத்தில் தேட வேண்டியதில்லை. நான் வசிக்கும் ரமணாசிரமத்துப் பக்கத்தில், செங்கம் சாலையில் நாலடி நடந்தால் போதும். இளநீர் விற்கும் ஒரு கிழவியை எனக்கு நெடுநாளாய்ப் பழக்கம். சாலையோர வியாபாரிகளுக்காக 2014-ல் வந்த மத்திய சட்டத்தின்படி, கணக்கெடுத்து அத்தாட்சி தரவேண்டும். அதற்கான குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கவேண்டும். நல்ல சட்டந்தான்.

"கார்டு வந்துவிட்டதா, ஆயா?" என்று போன மாதம் கேட்டேன்.

"பேர் எழுதிக்கிட்டுப் போனாங்க, சாமி. எழுதினது எழுதினதுதான்."

"பௌர்ணமிக்கு எங்கே உட்காருவாய்?"

"அன்னிக்குப் போ என்பாங்க. பத்துக் காய் கொடுத்தா இரு என்பாங்க."

அந்தப் பத்துக் காய் யாருக்குப் போகிறது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. (காய் ஒன்று இப்போது என்ன விலை என்று கேட்டு நேயர்கள் என்னை வருத்தப்படுத்த வேண்டாம்.) 1991 ஜூலையில் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று டில்லி சர்க்கார் அறிவித்தது. ஆலை வைக்கிறவருக்கு அன்றே விடுதலை. இளநீர்க் கிழவிக்கு வாய்தா மேல் வாய்தா!

பௌர்ணமியிலும் கார்த்திகை தீபத்திலும் லக்ஷக்கணக்கான ஜனங்கள் பதினாலு கிலோமீட்டர் சுற்றி வருகிறார்கள். பாதையை அடைக்கக்கூடாது என்பது நியாயமே. ஓர் வெள்ளைக் கோடு போடட்டும். கோட்டுக்கு அப்பால் முதலில் வந்தவர் முதலில் உட்காரட்டும். பத்துக் காய்க்கு அங்கே வேலை இல்லை. இளநீர் சுவைக்காவிட்டால் வாங்குகிறவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதைத் திருத்தச் சர்க்கார் வேண்டியதில்லை.

மலைச் சரிவு அப்படியன்று. அதைக் கெடுத்தால், அடுத்த மலைக்குப் போக முடியாது. நிலத் தரகு செய்யும் என் நண்பர் ராஜாஜியின் பரம பக்தர். "சரிவில் கட்டாதே என்பதும் லைசென்ஸ் ராஜ்யந்தானே?" என்று மடக்கினார். 'அனுமதி பெற்றுக் கட்டலாம்' என்று எழுதினால்தான் அது லைசென்ஸ் ராஜ்யம். அங்கே பத்துக் காய் பத்து லக்ஷமாகும். 'இந்தக் கோட்டுக்கு மேல் எவரும் கட்டக்கூடாது, விலக்களிக்க எவருக்கும் அதிகாரமில்லை' என்று எழுதினால் அது விதி. நண்பருக்கு இது பிடிக்கவில்லை.

2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், வ.உ.சி. நகரில் மலைச் சரிவிலிருந்து பாறையும் மண்ணும் உருண்டு ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். சமதரையில் மனை வாங்க வசதியுள்ளவர் யாரும் அங்கே குடியேறுவதில்லை. ஆசிரமத்துப் பக்கம் விலை ஏற ஏற, ஏழை மேலே ஏறுகிறான்.

ஆகையால் கோடு மட்டும் போட்டால் போதாது. மேலே இருப்பவர்களுக்குக் கீழே இடம் தரவேண்டும். அதற்குப் பணம் எங்கே என்று நண்பர் கேட்டார். மனை விலை ஏறியதால் லாபம் அடைந்தவர்கள் தரவேண்டும் என்றேன். என் வீடும் அந்தக் கணக்கில் சேரும்; வரி ரசீது வரும்போது நான் முணுமுணுக்காமல் இருப்பேனா என்று என் மனைவி இப்போதே சந்தேகப்படுகிறாள்.